புதன்கிழமை யாருடைய அவசரம்?

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, பின்வரிசையில் கச்சான் உடைத்துக்கொண்டு இருக்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

ஷேக்ஸ்பியரின் ரோமியோ – யூலியட் நாடகத்தின் அழிவுக்குப் பெரிதும் காரணம் இளையவர்களின் அவசரமா, பெரியவர்களின் பகையா என்பது தலைப்பு. பகையே என்று பேச என்னை விட்டிருக்கிறார்கள். எதிரணியில் முதலில் பேசிய ஐயா, "பதறாத காரியம் சிதறாது" என்று தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை கண்டார்கள், திங்கட்கிழமை கட்டினார்கள், வியாழன் விடியமுன் செத்தார்கள், ஐந்து நாளில் இத்தனை கூத்தா என்று கேட்டார். கைதட்டு நன்றாகவே விழுந்தது. நானும் தட்டினேன், சொன்ன விதம் அப்படி.

வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்க்க நேரமில்லை, அதனால் இந்தக் கதிரையில் இருந்தபடியே அதே ஐந்து நாளை நானும் எண்ணினேன். ஐயா பிள்ளைகளை எண்ணினார். நான் யூலியட்டின் தகப்பனை எண்ணினேன்.

கபுலெட் என்பது அவர் பெயர். ரோமியோவின் தகப்பன் மொந்தேகு. இந்த இரண்டு வீட்டுக்கும்தான் பகை. பாரிஸ் என்ற பிரபு பெண் கேட்டு வருகிறான். பிள்ளைக்கு இன்னும் பதினாலு ஆகவில்லை, இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்கிறார் கபுலெட். தங்கமான தகப்பன். இது ஞாயிறு. திங்கட்கிழமை அந்த வீட்டில் சாவு. ரோமியோவின் வாளுக்கு டிபோல்ட் பலியாகிறான். டிபோல்ட், யூலியட்டின் தாய்க்குச் சகோதரன் மகன். எங்கள் முறைப்படி பார்த்தால் அவளுக்கு மச்சான். அந்தச் சாவு நடந்த இரவே, விடைபெற்றுப் போகப் பார்த்த பாரிஸை மறித்து, "இன்றைக்கு என்ன கிழமை? திங்களா? சரி, புதன் மிகவும் கிட்ட, வியாழன் வைப்போம்" என்று கபுலெட் நாள் குறிக்கிறார். பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நம்மூரில் செத்தவீடு என்றால் முப்பத்தொன்று முடிந்து துடக்குக் கழியும்வரை அம்மம்மாமார் கலண்டரைத் திருப்பவே விடமாட்டார்கள். இவர் மூன்றாம் நாள் கல்யாணம் வைக்கிறார். ஊர் கதைக்கும் என்ற பயமும் இருக்கிறது, அதற்காக ஒரு ஆறு பேரை மட்டும் கூப்பிடுவோம் என்று ஒரு சமாதானம்.

செவ்வாய்க்கிழமை யூலியட் மாட்டேன் என்கிறாள். அவள்தான் ரோமியோவை இரகசியமாகக் கட்டிவிட்டாளே. தெருவில் பிச்சை எடு, பட்டினி கிட, செத்துப்போ என்று தகப்பன் கத்துகிறார். ஒன்பதாம் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை அது, ஐயா. அவள் பாதிரியாரிடம் ஓடுகிறாள். திரும்பி வருவதற்குள், ஆறு பேர் போதும் என்ற அதே மனிதர் இருபது சமையல்காரரைப் பிடித்து வா என்று ஆளை அனுப்பிக்கொண்டு இருக்கிறார்! அவள் வந்து விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள், நடிப்புத்தான். அப்பாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. கல்யாணத்தை நாளைக்கே வை என்கிறார். நாளைக்கு என்றால் புதன். "வியாழன் வரை நேரம் இருக்கிறதே, இருட்டியும் விட்டது, சாமான் போதாது" என்று மனைவி சொல்லிப் பார்க்கிறாள். எடுபடவில்லை. புதன் மிகவும் கிட்ட என்று முந்தின இரவு சொன்னதும் இதே வாய்தான்.

இதில் என்ன நடந்தது என்று பாருங்கள். இந்தக் கல்யாணத்திலிருந்து தப்ப, புதன் இரவு குடி என்றுதான் பாதிரியார் மருந்து கொடுத்தார். 42 மணி நேரம் செத்தவள்போலக் கிடக்கும் மருந்து. அவள் செவ்வாய் இரவே குடிக்க வேண்டியதாகிவிட்டது. டிபோல்ட்டைக் கொன்றதற்காக ரோமியோவை நாடுகடத்தி, அவன் மந்துவா என்ற ஊரில் இருந்தான். இந்தத் திட்டத்தைச் சொல்லி அவனுக்கு எழுதிய கடிதம் அங்கே போய்ச் சேரவில்லை. கொள்ளைநோய்ப் பயத்தில், கொண்டுபோன துறவியை ஒரு வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். கொரோனாக் காலத்தில் படலையில் நோட்டீஸ் ஒட்டியதைக் கண்ட நமக்கு அது புரியும். எதிரணி இதை விதி என்றது. சரி, கதவு பூட்டியது விதி. அந்த ஒரு நாள் மிச்சம் இருந்திருந்தால் இன்னொரு கடிதம் போயிருக்கலாமே? அந்தப் புதன்கிழமையை யார் கணக்கில் எழுதப் போகிறீர்கள், நடுவர் அவர்களே?

பாதிரியாரையும் விடக்கூடாது. மெல்லப் போ, ஓடுகிறவன் இடறுவான் என்று திங்கள் காலையில் ரோமியோவுக்குப் புத்தி சொன்னவர் அவர். அன்று பின்னேரமே மணம் முடித்து வைத்தவரும் அவர். ஏன் வைத்தார்? இந்தக் கல்யாணத்தால் இரண்டு வீடும் ஒன்றாகிவிடும் என்ற ஆசை. பெரியவர்கள் முடிக்க வேண்டிய சண்டையை முடிக்கச் சொல்லி, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் அதைத் தூக்கி வைத்தார்.

இனி எதிரணிக்கு ஒரு கேள்வி. ஷேக்ஸ்பியருக்கு முன்பே இந்தக் கதை இங்கிலாந்தில் இருந்தது. 1562இல் ஆர்தர் புரூக் என்பவர் நீண்ட கவிதையாக எழுதியது. அதில் நத்தார்க் காலத்தில் விருந்து, சண்டை வருவது உயிர்த்த ஞாயிறு கழிந்து. இரகசியமாகக் கட்டியவர்கள் ஒன்றிரண்டு மாதம் சந்தோசமாகவே இருக்கிறார்கள். பெண்ணுக்கும் பதினாறு வயது. ஷேக்ஸ்பியர்தான் அந்த மாதங்களை ஐந்து நாளாகச் சுருக்கினார், பதினாறைப் பதின்மூன்று ஆக்கினார். மெதுவாக நடந்த அந்தக் கதையிலாவது பிள்ளைகள் பிழைத்தார்களா? இல்லையே. அங்கேயும் அதே மருந்து, அதே கல்லறை. அவசரத்தை எடுத்துவிட்டாலும் சாவு அப்படியே நிற்கிறது. இரண்டு கதையிலும் மாறாமல் இருப்பது இரண்டு வீட்டுப் பகை ஒன்றுதான். ஐயா குறிப்பெடுக்கிறார், எடுக்கட்டும்.

ரோமியோ அவசரக்காரன் என்பதை நான் மறுக்க மாட்டேன். ஞாயிறு காலையில் ரோசலின் என்று அழுதவன், இரவில் யூலியட் என்கிறான். கல்லறையில் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் அவள் கண் விழித்திருப்பாள். எந்தத் தாய் பார்த்தாலும் வயிறு எரியும். இது திபு திபுவென்று ஓடுகிற வயது, இந்தத் திருகோணமலையில் ஐந்து மணிக்கு ரியூஷன் விட்டு வரும் சைக்கிள்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் ஓடுகிற பிள்ளை எல்லாம் சாவதில்லையே. ஓடுகிற வழியில் கிணற்றை மூடாமல் விட்டது யார்?

எதிரணித் தம்பி நல்ல பிடி ஒன்று பிடித்தார். விருந்தில் ரோமியோவைக் கண்டு வாளெடுக்கப் போன டிபோல்ட்டை அடக்கியவர் கபுலெட் அல்லவா, பகை பெரியவருடையதா இளையவருடையதா என்று கேட்டார். உண்மை, அடக்கினார். விருந்தாளிகள் நடுவில் மானம் போகக்கூடாது என்று அடக்கினார். அதற்குக் கொஞ்சம் முன்பு அதே நாள் தெருவில் கலவரம் நடந்தபோது, நீண்ட வாளைக் கொண்டு வா என்று கேட்டவரும் அவர்தான். "வாள் எதற்கு, ஊன்றுகோல் கேளுங்கள்" என்று மனைவி சொன்னாள். ஊன்றுகோல் வயதில் வாள் கேட்கிற மனிதரின் வீட்டில் வளர்ந்த பெடியன் வேறு எதைத் தூக்குவான்? எங்களைப்போல வயதானவர்கள் சமாதானமாக இருப்பது ஒன்றும் கஷ்டமில்லை என்று பாரிஸிடம் கபுலெட்டே சொல்கிறார். கஷ்டமில்லை என்று தெரிந்தும் எதிர்வீட்டுப் படலையை அவர் போய்த் தட்டவில்லை.

சரி, அந்தப் பகை எதனால்? நாடகம் முழுக்கத் தேடுங்கள், கிடைக்காது. வெறுங்காற்றான ஒரு சொல்லால் மூன்று கலவரம் என்று ஊர்ப் பிரபு சொல்வதோடு சரி.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் அப்பப்பாவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் கதை பேச்சு இல்லை. எந்த ஒழுங்கை என்று கேட்காதீர்கள், அந்த வீட்டார் இந்த மண்டபத்தில் இருக்கவும் கூடும். கிளுவைக் கதியால் வேலி. ஒருமுறை வேலி அடைக்கும்போது அவர்கள் ஒரு கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. அவர்கள் வீட்டில் கேட்டால் தள்ளி நட்டது நாங்கள். அந்த வேலியில், கோழிக்கூட்டுக்குப் பின்னால், ஒரு பொட்டு, கை நுழையும் ஓட்டை, இருந்தது. என்னுடைய சித்தப்பா மகள் அங்கே குந்தி இருந்து பக்கத்து வீட்டுப் பெடியனிடம் பழைய வினாத்தாள்களைச் சுருட்டி வாங்குவாள். கை போய் வந்து அந்தப் பொட்டின் ஓரத்துக் கதியால் இரண்டும் பட்டை உரிந்து வழுவழுப்பாக இருந்தது. காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, கணக்குப் பேப்பர்தான். திண்ணையில் அப்பப்பா இருமினால் போதும், பாவாடையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு பறப்பாள். ஒருநாள் ஓடின ஓட்டத்தில் முள்ளுக்கம்பியில் முழங்கால் கிழிந்தது. "இந்தப் பெட்டைக்கு எப்போதும் ஓட்டம்தான், அடக்கம் இல்லை" என்றார்கள். அவள் ஓடியதை எல்லோரும் கண்டார்கள். அப்பப்பாவின் இருமலை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எதிரணி இன்று முழுக்க எண்ணியது ஓட்டத்தைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது நம் தமிழிலேயே இருக்கிறது. களவுக் காதலை நம் அகப்பொருள் இலக்கணம் ஒதுக்கி வைக்கவில்லை, அதற்கு ஒரு பாதை போட்டு வைத்தது. வேறு யாரோ பெண் கேட்டு வந்தால் அதற்கு நொதுமலர் வரைவு என்று பெயர். அந்த நேரத்தில் தோழி சும்மா இருக்கமாட்டாள், வளர்த்த தாயான செவிலியிடம் போய் உண்மையைச் சொல்வாள். செவிலி, பெற்ற தாயான நற்றாயிடம் சொல்வாள். நற்றாய் வழியாகத் தகப்பன், தமையன் காதுக்குப் போகும். அறத்தொடு நிற்றல் என்று பெயர் வைத்தார்கள். ஒளித்ததை வெளியே சொல்வதற்கு அறம் என்று பெயர்!

நாடகம் நடக்கும் வெரோனா ஊரிலும் நொதுமலர் வந்தான், பாரிஸ். செவிலியும் இருந்தாள். யூலியட்டைப் பால் கொடுத்து வளர்த்தவள், அவள் பிறந்த நேரம்கூடத் தெரிந்தவள். முலையில் கசப்புப் பூண்டு தடவிப் பால் மறக்கச் செய்த கதையை எல்லோர் முன்னும் சொல்லிச் சிரிக்கிறவள். நம் வீடுகளில் வேப்பெண்ணெய் தடவுவார்களே, அதேதான். இவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் நற்றாயிடம் சொல்லவில்லை. ரோமியோவை மறந்துவிடு, பாரிஸைக் கட்டு என்று முடித்தாள். ஏன் சொல்லவில்லை? எங்கே போய்ச் சொல்வாள்? தாய்க்காரி மகளோடு கல்யாணம் பற்றிக் கதைக்க வந்து, செவிலியை வெளியே போகச் சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே நீயும் இரு என்று திருப்பிக் கூப்பிடுகிறாள். பெற்ற பிள்ளையோடு தனியாக நான்கு வார்த்தை பேச வராத தாய். டிபோல்ட் செத்த பிறகு, மந்துவாவுக்கு ஆள் அனுப்பி ரோமியோவுக்கு நஞ்சு கொடுக்கிறேன் என்று சொன்னவளும் இவள்தான், அதுவும் மகளுக்கு ஆறுதலாக! அந்தக் காதில் போய், உங்கள் மருமகன் அவன்தான் என்று எப்படிச் சொல்வது? சொல்ல வழியில்லாத வீட்டில் பிள்ளை ஓடத்தான் செய்யும்.

மணி அடித்துவிட்டார்கள். இரண்டே நிமிடம், ஐயா.

எதிரணித் தங்கச்சி நம் சுவாமி மலைக்கே போய்விட்டார். கோணேசர் கோயில் பக்கம், ஒல்லாந்த எழுத்தும் 1687 என்ற வருடமும் வெட்டிய தூண். காதலன் கப்பலேறிப் போனான், ஒல்லாந்த அதிகாரியின் மகள் பிரான்சினா மலையிலிருந்து குதித்தாள், இளமையின் அவசரம் என்றார். தங்கச்சி, பழைய ஒல்லாந்த ஆவணங்களைப் பார்த்தவர்கள் அவள் குதிக்கவில்லை, பிறகு கல்யாணம் செய்து வாழ்ந்தாள் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். வாழ்ந்த பெண்ணை நமக்குப் பிடிக்கவில்லை. மலையில் ஏற்றிக் குதிக்க வைத்து, குதித்தாய் என்று அவளையே குற்றம் சொல்கிறோம்.

கடைசியாகக் கல்லறைக்கு வருகிறேன். அங்கே யூலியட், ரோமியோ, பாரிஸ் மூன்று உடம்பு கிடக்கிறது. மகனை நாடுகடத்திய துயரத்தில் ரோமியோவின் தாயும் அதே இரவு போய்விட்டாள். இரண்டு தகப்பனும் கை கொடுக்கிறார்கள். எதிரணி இதைச் சமாதானம் என்றது. கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். உன் மகளுக்குச் சுத்தத் தங்கத்தில் சிலை வைப்பேன் என்கிறார் மொந்தேகு. உன் மகனுக்கும் அதே அளவு செலவில் நான் வைப்பேன் என்கிறார் கபுலெட்.

பிள்ளைகளின் உடம்பு இன்னும் ஆறவில்லை, அதற்குள் ஏலம். அவர்கள் விலை பேசி முடிக்கட்டும். நான் என் கதிரைக்குப் போகிறேன். வணக்கம்.