இனிக்கிற வைன் கேட்பது தப்பில்லை

நேயர்களுக்கு வணக்கம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் பாளையங்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் திராட்சை ரசம் ஊறிக்கொண்டிருக்கும். அந்த இனிப்பு ருசிக்குப் பழகினவர்கள் வெளிநாட்டுக்குப் போய்க் கடையில் விற்கும் வைனை வாயில் வைத்ததும் முகம் சுளிக்கிறார்கள். நமக்கு வைன் சரிப்படாது என்று ஒதுக்கியும் விடுகிறார்கள். குடிக்காதவர்களை நான் குடிக்கச் சொல்லவில்லை. அளவோடு குடிக்கிறவர்கள் தங்கள் நாக்குக்கு ஏற்றதைக் கேட்டு வாங்கலாமே.

பழச்சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்றுதான் ஆல்கஹால் உண்டாகிறது. அநேகமாக முழுவதையும் தின்றுவிட்டால் அது இனிப்பில்லாத 'டிரை' வைன். நடுவில் நிறுத்தினால் இனிப்பு தங்கிவிடும். அதனால் சாதாரண வைனில் ஆல்கஹால் 7, 8 சதவீதம்தான் என்று பாட்டிலில் போட்டிருந்தால் பெரும்பாலும் இனிக்கும். போர்த்துக்கலின் போர்ட் இதற்கு விலக்கு. திராட்சைச் சாராயத்தை ஊற்றி ஈஸ்டை அடக்குவதால் அதில் ஆல்கஹால் 20 சதவீதம் அளவில் இருக்கும், இனிப்பும் இருக்கும்.

பழ வாசனை என்பது வேறு விஷயம். 'ஃப்ரூட்டி' என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். பழம் காணாமல் போய்விடும், நிஜமான இனிப்பு மட்டும் நாக்கில் நிற்கும்.

கம்பத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சை, மஸ்கட் என்ற மணமான திராட்சைக் குடும்பம். அந்த மணம் பிடித்தவர்கள் அதே குடும்பத் திராட்சையில் செய்யும் இத்தாலியின் மொஸ்காட்டோ தாஸ்தி என்ற இனிப்பு வைனைக் கேளுங்கள். லேசாக நுரைக்கும், ஆல்கஹால் 5 சதவீதத்தை ஒட்டித்தான். துவர்ப்பு ஆகாதவர்கள் சிவப்பு வைன் பக்கம் போகவேண்டாம். தோலோடும் விதையோடும் ஊறுவதால் வருகிற துவர்ப்பு அது.

இனிப்பு வைன் கேட்டால் மட்டமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சமும் சம்மதமில்லை. 1855-இல் பிரான்சின் போர்தோ வட்டார வைன்களைத் தரம் பிரித்தபோது, வெள்ளையில் தனி முதலிடம் பெற்ற ஷாட்டோ டிகெம் இனிப்பு வைன்தான்.

அப்புறம், சாப்பாடு. காரமான மீன் குழம்போடு ஆல்கஹால் கூடின வைன் எரிச்சலைத்தான் கிளப்பும். ஜெர்மனியின் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனில் இனிப்பானதை நன்றாகக் குளிரவைத்துக் குடித்தால் அதன் இனிப்பு காரத்தை அடக்கும், புளிப்பும் குழம்போடு சேர்ந்துபோகும். அல்வாவுக்குப் பிறகு வாயில் வைக்கும் காப்பி சப்பென்று இருக்கிறதல்லவா? வைனும் அப்படித்தான், அல்வாவோடு குடிப்பதென்றால் போர்ட் மாதிரி அழுத்தமான இனிப்பு வேண்டும், அதுவும் சின்னக் கிளாஸில்.