பக்கத்தில் உட்கார்ந்து கற்ற தையல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். வீட்டுப் பெரியவர்களிடம் கைத்தொழில் கற்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: அவர்களிடம் கேள்வி கேட்டுக் கற்க முயலாதீர்கள்; ஒரு துணியை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

என் பாட்டி கையாலேயே சட்டை தைப்பவர். ஒருமுறை நோட்டும் பேனாவுமாகப் போய், அங்குலத்துக்கு எத்தனை தையல் விழ வேண்டும் என்று கேட்டேன். "துணிக்குத் தக்கபடி" என்றார். நூலை எவ்வளவு நீளம் வெட்டுவது என்றதற்கு "அளவாக" என்றார். அந்த இரண்டு விடைகளோடு எழுந்து வந்தேன். பிறகு ஒருநாள் அவரருகே தைத்துக்கொண்டிருந்தபோது, நான் மூன்று முழத்துக்கு நூல் கோத்திருப்பதைப் பார்த்து, வாய் திறவாமல் கத்தரிக்கோலை எடுத்துப் பாதியில் நறுக்கிவிட்டார். நீளமான நூல் ஒவ்வொரு இழுப்பிலும் துணியில் உரசிப் பஞ்சாகி, முறுக்கேறிச் சிக்கிக்கொள்ளும் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. தவறு கண்முன் நடக்கும்போதுதான் அவருடைய அறிவு விரலுக்கு வருகிறது, கேட்டால் வருவதில்லை.

கழுத்துப் பட்டியிலும் அப்படித்தான். துணியைக் கரையோடு ஒட்டி நேராக வெட்டி வளைவில் வைத்துத் தைத்தேன். ஓரமெல்லாம் சுருக்கம் விழுந்தது. பாட்டி ஒரு துண்டை நீளவாக்கில் இழுத்தார், அசையவில்லை. மூலைக்கு மூலை இழுத்தார், ரப்பர்போல நீண்டது. நீளவாட்டு இழையான பாவும் குறுக்கிழையான ஊடையும் சந்திக்கும் சிறு சதுரங்கள் அப்போது சாய்சதுரமாகச் சாய்ந்து இடம்விடுகின்றன. வளைவுக்கு வளைந்துகொடுக்க இப்படி மூலைவாக்கில் வெட்டிய துண்டைத்தான் தையற்காரர்கள் கிராஸ் துண்டு என்கிறார்கள்.

கையால் தைப்பது சிக்கனம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1589இல் வில்லியம் லீ பின்னல் இயந்திரத்தை உருவாக்கினார். 1846இல் எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வேகத்தில் கை தோற்று வெகுகாலமாகிறது. நம் உழைப்பு நேரத்துக்குக் கூலி போட்டால் கடைச் சட்டைதான் மலிவு. ஆனால் ஒரு தோள் மற்றதைவிடச் சற்றே தாழ்ந்திருப்பவருக்கு, அந்தத் தாழ்வைப் பார்த்து, போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி தைத்துக் கொடுக்கிற பொறுமை ஒரே அளவில் நூறு சட்டை வெட்டுகிற இடத்தில் இருக்க முடியாது. புதுப் பருத்தித் துணியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும் என்பதையும், ஒரு சட்டையைச் சுருங்கக் கொடுத்த பிறகே கற்றேன்.

இப்போது பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. நான் தைத்ததை மடியில் விரித்து, தையல் வரியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போகிறார். நூல் தளர்ந்த இடத்தில் விரல் நின்றுவிடும். போன மாதம் சட்டையின் ஒரு கைப்பகுதியில் மட்டும் மூன்று இடத்தில் நின்றது. மூன்றையும் பிரித்துவிட்டேன், அவற்றில் இன்னும் ஓர் இடம் மறுபடி தைக்க வேண்டியிருக்கிறது.