சுவரொட்டியில் ஓர் இடம், கதையில் ஓர் இடம்

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

2014 நவம்பர் இறுதியில், ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் புதிய படத்துக்கு ஒன்றரை நிமிட முன்னோட்டம் வெளியானது. பாலைவன மணல். சட்டென்று வியர்த்து வழியும் ஒரு முகம் திரையின் அடியிலிருந்து எழுகிறது. வெள்ளைக் கவசம் பூண்ட போர்வீரன், கறுப்பின இளைஞன். நடித்தவர் ஜான் போயேகா. நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்து லண்டனின் பெக்கம் பகுதியில் வளர்ந்தவர். அந்தக் கவசத்துக்குள் ஒரு கறுப்பர் எப்படி இருக்கலாம் என்று இணையத்தில் வசை கிளம்பியது. அவருக்கு அப்போது வயது 22. பழகிக்கொள்ளுங்கள் என்று பதில் எழுதிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வசை பாடியவர்களைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. என் மனத்தை உறுத்துவது, அவரை வரவேற்று அழைத்தவர்கள் அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவருக்குச் செய்ததுதான்.

அவர் ஏற்ற பாத்திரத்தின் பெயர் ஃபின். குழந்தைப் பருவத்திலேயே குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்டு, பெயருக்குப் பதிலாக எண் சூட்டப்பட்டு, படைவீரனாக வளர்க்கப்பட்டவன். ஊர்மக்களைச் சுடச் சொல்லும்போது துப்பாக்கியைத் தாழ்த்துகிறான். படையை விட்டு ஓடுகிறான். ஒரு நாவலுக்கே போதுமான வாழ்க்கை இது. 2015-இல் படம் வருமுன் விளம்பரங்களில் அவன் கையில் ஒளிவாள் மின்னியது. படத்தில் அந்த வாள் ரே என்ற பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ரேயின் கதையும் நல்ல கதைதான். ஆனால் அவன் பெற்றோர் யார், தன்னைப் போலவே பறித்து வளர்க்கப்பட்ட வீரர்களை நோக்கி அவன் சுடும்போது உள்ளுக்குள் என்ன நடக்கிறது? 2017, 2019 ஆண்டுகளில் வந்த படங்கள் இந்தக் கேள்விகளை மேலோட்டமாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. கடைசிப் படத்தில் புதைமணலில் மூழ்கும்போது ரேயிடம் எதையோ சொல்ல அவன் வாயெடுக்கிறான். என்ன சொல்ல வந்தான் என்பது படம் முடியும்வரை நமக்குத் தெரிவதில்லை. ஒரு நாயகனின் மனத்தில் இருப்பதைச் சொல்லக்கூட மறந்துபோன திரைக்கதையை என்னால் மன்னிக்க முடியவில்லை. சீனாவில் ஒட்டப்பட்ட சுவரொட்டியிலோ, முதல் படத்தின்போதே அவன் உருவத்தைச் சிறிதாக்கியிருந்தார்கள்.

பந்திக்கு அழைத்து உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் போவதற்கு ஒப்பானது இது.

2020-இல் ஒரு பத்திரிகைப் பேட்டியில் போயேகா இதை உடைத்துப் பேசினார். கறுப்பினப் பாத்திரத்தை மிக முக்கியமானது என்று விளம்பரம் செய்துவிட்டுக் கதையில் ஓரங்கட்டாதீர்கள் என்று, இந்தப் படங்களை வெளியிட்ட டிஸ்னி நிறுவனத்துக்கே நேரடியாகச் சொன்னார். அத்தனை பெரிய நிறுவனத்தைப் பெயர் சொல்லிக் கேட்க ஓர் இளம் நடிகருக்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அதே ஆண்டில் இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன், பிபிசி தொலைக்காட்சிக்காக எடுத்த ஐந்து படங்களில் ஒன்றில் போயேகாவை லீராய் லோகனாக நடிக்கவைத்தார். லோகன் உண்மை மனிதர். தந்தையைப் போலீசார் அடித்துப்போட்ட பிறகும், உள்ளே இருந்து மாற்றலாம் என்று நம்பி, ஆய்வுக்கூட வேலையை விட்டு லண்டன் காவல்துறையில் சேர்ந்தவர். அந்த வேடம் போயேகாவுக்குக் கோல்டன் குளோப் விருது வாங்கித் தந்தது. நடிகர் மாறவில்லை, எழுதியவர்கள் மாறினார்கள்.

அப்படியானால் பிரிட்டனிலேயே இருந்திருக்கலாமே என்று நேயர்கள் கேட்கலாம். பிரிட்டன் தன் பிள்ளைகளை நடத்திய விதத்தையும் பார்க்க வேண்டும். 1996-இல் வந்த, பிரிட்டிஷ் இயக்குநர் மைக் லீயின் ஒரு படத்துக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றார் மரியான் ஜான்-பாப்டிஸ்ட். அந்தப் பெருமையை அடைந்த முதல் கறுப்பின பிரிட்டிஷ் நடிகை அவர்தான். மறு ஆண்டு கான் திரைப்பட விழாவுக்கு பிரிட்டன் தன் இளம் நடிகர்களை அனுப்பியபோது அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் வாய்விட்டுக் கேட்டார். பிறகு அமெரிக்கா சென்று, ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஏழு ஆண்டுகள் எஃப்.பி.ஐ. அதிகாரியாக நடித்தார். இன்னொரு கறுப்பின பிரிட்டிஷ் நடிகரான டேவிட் ஒயெலோவோ 2000-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியின் மேடையில் ஆறாம் ஹென்றி மன்னராக நின்றவர். திரையில் அவருக்கு அதற்கு ஈடான வேடம், 2014-இல் மார்ட்டின் லூதர் கிங்காக, அமெரிக்கப் படத்தில்தான் கிடைத்தது. அரண்மனைகளும் பண்ணை மாளிகைகளும் நிறைந்த சரித்திரக் கதைகளையே பிரிட்டன் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தால், அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

இதற்கு அமெரிக்கக் கறுப்பின நடிகர்கள் தரப்பில் ஒரு மனக்குறை உண்டு. அது நியாயமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். 2017-இல் ‘கெட் அவுட்’ படத்தில் லண்டன் நடிகர் டேனியல் கலூயா நாயகனாக நடித்தபோது, இதில் ஓர் அமெரிக்கர் நடித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சாமுவேல் ஜாக்சன் ஒரு வானொலிப் பேட்டியில் கேட்டார். நான் கறுப்பன் என்று நிரூபிக்க வேண்டியிருப்பதே வேதனை என்றார் கலூயா. எனக்கு இருவர் வலியும் புரிகிறது. பத்து வேடங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை வைத்தவர்கள் யாரோ, அவர்களைத்தான் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும்.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். எட் ஸ்க்ரைன் என்ற வெள்ளைக்கார லண்டன் நடிகர் ‘ஹெல்பாய்’ படத்தில் ஒரு ராணுவ அதிகாரி வேடத்துக்கு ஒப்பந்தமானார். மூலச் சித்திரக்கதையில் அந்த அதிகாரி ஜப்பானிய வம்சாவளியினர் என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் தாமாகவே விலகிக்கொண்டார். கொரியாவில் பிறந்த டேனியல் டே கிம் அந்த வேடத்தை ஏற்றார். கையில் வந்த பெரிய படத்தை விட்டுக்கொடுப்பது எளிதல்ல. இதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்பு, ‘ஸ்டார் ட்ரெக்’ வரிசையில் கான் நூனியன் சிங் என்று இந்தியப் பெயர் கொண்ட பாத்திரத்தில் வெள்ளைக்காரரான பெனடிக்ட் கம்பர்பேட்ச் நடித்துப் படமும் வெளியாகிவிட்டது என்பதை நினைத்தால் ஸ்க்ரைன் செய்தது எவ்வளவு அரிது என்று புரியும்.

நம்மவர் ஒருவரும் இந்தக் கதையில் இருக்கிறார். தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தில் பிறந்த சிமோன் ஆஷ்லி, 2023-இல் டிஸ்னி எடுத்த ‘லிட்டில் மெர்மெய்ட்’ படத்தில் கடல் அரசரின் மகள்களில் ஒருவராக வந்தார். பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் மிகச் சிறிய வேடம். ஒரு தொலைக்காட்சித் தொடரின் ஒரு பருவத்தையே நாயகியாகத் தாங்கிக் காட்டியவருக்கு அது போதாது.

லண்டன் ஹாரோவில் வளர்ந்த தேவ் பட்டேல், தமக்கு வேண்டிய வேடத்துக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டார். அனுமன் கதையைக் கேட்டு வளர்ந்த அவர், அதிலிருந்து ஒரு சண்டைப் படத்தை உருவாக்கித் தாமே இயக்கி நடித்தார். கொரோனா காலத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் படப்பிடிப்பு நடந்தது. நடுவில் கையை உடைத்துக்கொண்டும் நிறுத்தவில்லை. இணையத் திரைக்கென முதலில் வாங்கப்பட்டுக் கிடப்பில் கிடந்த அந்தப் படத்தை, இது திரையரங்குக்குப் போக வேண்டிய படம் என்று சொல்லி மீட்டுக் கொண்டுவந்தவர் ஜோர்டன் பீல். ‘கெட் அவுட்’ படத்துக்குக் கலூயாவைத் தேர்ந்தெடுத்த அதே அமெரிக்கக் கறுப்பின இயக்குநர். 2024 ஏப்ரலில் ‘மங்கி மேன்’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது.

வணக்கம்.