அந்தத் தழும்பைப் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். மாதம் நிறைந்தவர்கள், கூட வந்திருக்கிற அம்மா, மாமியார்மார், பின்னால் நிற்கிற கணவர்மார் எல்லாரும் கேளுங்கள், இன்றைக்கு நான் பேசப்போவது கர்ப்பப்பை வாயில் விழும் தழும்பைப் பற்றி.

அந்த வாய்க்கு இரண்டு வேலை. ஒன்பது மாதம் இறுக மூடியிருந்து குழந்தையைத் தாங்க வேண்டும், அப்புறம் வலி வந்ததும் மெலிந்து 10 சென்டிமீட்டர் வரை விரிய வேண்டும். அதில் பெரும்பகுதி கொலாஜன் என்ற நார்ப்புரதம்தான். பிரசவம் நெருங்கும்போது அந்த நார்கள் தளர்ந்து, நீர் ஏறி, வாய் மிருதுவாகிறது. தழும்பு விழுந்த இடம் அவ்வளவு லேசில் தளராது. சுருக்குப்பை நாடாவில் முடிச்சு விழுந்த மாதிரி, மற்ற இடமெல்லாம் இளகியிருந்தாலும் வாய் மட்டும் விரியாமல் நிற்கும்.

இந்தத் தழும்பு எதனால் வருகிறது? புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கிறது என்று மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுத்திருக்கலாம், கூம்பு வடிவில் திசு எடுத்திருக்கலாம், முந்தைய பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டிருக்கலாம். இன்னொன்று, நம் ஊரில் 'கர்ப்பப்பையைக் கழுவினாங்க' என்று சொல்கிற டி அண்ட் சி. சுரண்டி எடுக்கும் அந்த முறை பழையது, அதற்குப் பதில் உறிஞ்சி எடுக்கும் முறையைத்தான் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

சரி, பிரசவ அறையில் என்ன நடக்கும்? வலி நன்றாக வரும், குழந்தையின் தலை அழுத்தி அழுத்தி வாய் தாள் மாதிரி மெலிந்திருக்கும், ஆனால் கை வைத்துப் பார்த்தால் ஒரு விரல், இரண்டு விரல் என்று அங்கேயே நிற்கும். தழும்பு இருப்பது தெரியாதவர்கள் வலி போதவில்லை என்று நினைத்து ட்ரிப்பில் மருந்தை ஏற்றிக்கொண்டே போகலாம், அல்லது 'வாய் திறக்கலை' என்று ஆபரேஷனுக்கு அழைத்துப் போகலாம். தெரிந்திருந்தால் வேறு மாதிரி பார்ப்பார்கள். சிலருக்கு அந்தத் தழும்பின் இறுக்கம் விடுபட்டதும் வாய் வேகமாகத் திறந்துவிடும். எல்லாருக்கும் அப்படி ஆகாது, சிலருக்கு ஆபரேஷன்தான் சரி. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கணக்கையும் உலக சுகாதார நிறுவனம் 2018-ல் கைவிட்டுவிட்டது, 5 சென்டிமீட்டருக்கு முன்னால் வாய் மெதுவாகத் திறப்பது இயல்புதான்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. திசுவை ஆழமாக, அதாவது 10 மில்லிமீட்டருக்கு மேல் எடுத்திருந்தால், வாய் தாங்காமல் குறைமாதத்தில் பிரசவமாகும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் நாலாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்து கர்ப்பப்பை வாயின் நீளம் பார்ப்பார்கள், 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் புரோஜெஸ்டிரோன் மருந்து கொடுப்பதா, தையல் போடுவதா என்று யோசிப்பார்கள். வாயைக் கட்டும் அந்தத் தையலில் ஒன்றை 1955-ல் பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ஷிரோத்கர் வெளியிட்டார், இன்றும் அவர் பெயரிலேயே அது உலகம் முழுக்க வழங்குகிறது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். திண்டுக்கல் மாவட்டத்தில் வினிகர் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனையால் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் ஆய்வு வெளிவந்தது. சிகிச்சை எடுத்தவர்களில் பெரும்பாலானோர் சிக்கலில்லாமல் பிள்ளை பெறுகிறார்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கருக்கலைப்பு நடந்திருக்கும், பக்கத்தில் மாமியார் நிற்பார், 'முன்னால் கலைத்திருக்கிறாயா' என்று நர்ஸ் சத்தமாகக் கேட்பார், அந்தப் பெண் 'இல்லை' என்றுதான் சொல்வாள். வேறென்ன சொல்வாள்? நர்ஸ் தங்கைகளே, இந்தக் கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். தாய்மார்களே, 'டாக்டரிடம் தனியாகப் பேசணும்' என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையோ விவரத்தையோ அதைச் செய்த மருத்துவர் வெளியிடக் கூடாது, சட்டம் அனுமதித்தவர்களுக்கு மட்டும்தான் சொல்லலாம் என்று கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தமே சொல்கிறது. பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தால் எடுத்துப் போங்கள், எந்த வருஷம், என்ன செய்தார்கள், எவ்வளவு ஆழம் என்று அதில் இருக்கும்.

தையல் போட்டிருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. 36, 37 வாரத்தில் அதைப் பிரித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் வலி எடுத்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள், தையலோடு வலி முற்றினால் வாய் கிழிந்துவிடலாம்.

கேள்வி இருப்பவர்கள் இப்போதே கேட்கலாம், எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் கூட்டம் கலைந்ததும் என்னிடம் தனியாக வாருங்கள்.