சீட்டு மாறிப்போச்சு

நடுவர் அவர்களே, பாளையங்கோட்டைப் பெரியோர்களே! நெருக்கடி நமக்குச் சேமிக்கக் கற்றுத் தந்தது என்று எதிரணி அண்ணாச்சி அடித்துச் சொன்னார். "கொரோனா ஊரடங்கில் கையில் காசு தங்கியது" என்றார். தங்காமல் எங்கே போகும்? டவுன் ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை திறந்திருந்ததா? நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டமே நின்றுபோன வருஷம் அது. அதற்குப் பேர் சிக்கனம் இல்லை அண்ணாச்சி, கதவடைப்பு.

ரிசர்வ் வங்கிக் கணக்கைப் பாருங்கள். கடனைக் கழித்த பிறகு குடும்பங்களின் நிதிச் சேமிப்பு 2020-21ல் நாட்டின் மொத்த உற்பத்தியில் 11 சதவீதத்தைத் தாண்டியது. கடைகள் திறந்தன. 2022-23ல் அது ஏறக்குறைய 5 சதவீதம். படித்த பாடம் இரண்டே வருஷத்தில் மறந்துபோகுமா?

மறக்காத பாடம் ஒன்று உண்டு, கடன். முக்கூடலில் எங்கள் மதினி பீடி சுற்றுகிறார். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும், அரிசிப் பானையில் ஒளித்திருந்த சிறுவாடு அண்ணன் கண்ணில் பட்டது. வீட்டில் பெரிய சண்டை! அதை விடுங்கள். 2020 ஊரடங்கில் இலையும் தூளும் வரவில்லை, கூலியும் இல்லை. கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போனது. "அடுத்த மாசம் திருப்பிரலாம் தம்பி" என்றார்.

அடகு வைக்க வழியும் அகலமானது. வங்கிகள் நகை மதிப்பில் 75 சதவீதம் வரை கொடுத்த கடனை, விவசாயம் அல்லாத தேவைகளுக்கு 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று 2020 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது, 2021 மார்ச் வரைக்கும். லட்ச ரூபாய் நகைக்கு 75,000 கிடைத்த இடத்தில் 90,000. மதினிக்கு அன்றைக்கு அது பெரிய உதவி, நான் மறுக்கவில்லை. ஆனால் வட்டியும் 90,000க்குத்தானே ஓடும்?

செலவு குறைந்தது உண்மைதான். அவர் வீட்டுக் காப்பியில் பால் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை கறி நின்றது. மிச்சம் பிடித்த காசு உண்டியலுக்கா போனது? வட்டியைக் கட்டி, அதே சங்கிலியை மாற்றி மாற்றி வைக்கப் போனது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். கடுகெடுக்க அஞ்சறைப் பெட்டியைத் திறந்தார். முன்பெல்லாம் அதன் மூடிக்குள் ஏலச்சீட்டு கட்டிய ரசீது இருக்கும். இப்போதும் மஞ்சள் கறையோடு ஒரு சீட்டு இருந்தது, அடகுச் சீட்டு. அண்ணாச்சி, இதை எந்தச் சேமிப்புக் கணக்கில் வரவு வைப்பீர்கள்?