கிருமி முந்துவதற்கு முன்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவரையோ, முறிந்த எலும்புக்குத் தகடும் திருகும் வைத்துக்கொண்டவரையோ நேயர்களில் பலரும் அறிந்திருப்பீர்கள். அந்த உலோகத்தைச் சுற்றிக் கிருமி குடியேறாமல் தடுப்பது பற்றியே இன்று பேசுகிறேன்.

1957-இல் எலெக், கோனென் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனையைச் சொல்லாமல் என்னால் இந்தப் பேச்சைத் தொடங்க முடிவதில்லை. தாமாக முன்வந்தவர்களின் தோலுக்குள் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். வெறும் தோலில் சீழ் கட்டுவதற்குப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. பட்டுத் தையல் நூல் ஒன்று உள்ளே இருந்தபோதோ சில நூறே போதுமானவையாக இருந்தன. கவனியுங்கள், வெறும் நூல்தான், உலோகம்கூட அல்ல. அந்நியப் பொருளுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. அதையொட்டி வெள்ளையணுக்களின் திறனும் குன்றிவிடுகிறது. அங்கே ஒட்டிக்கொள்ளும் கிருமிகள் வழவழப்பான ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் பதுங்குகின்றன. படலம் முற்றிவிட்டால் ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துக் குணப்படுத்துவது அரிது, பல நேரங்களில் பொருத்தியதையே கழற்ற நேரிடும்.

உலோகப் பரப்பை முதலில் பிடிப்பது நம் உடலின் செல்லா, கிருமியா என்பதை ஒரு பந்தயமாகவே 1987-இல் அந்தோனி கிரிஸ்டினா என்ற ஆய்வாளர் விளக்கினார். ஆகவேதான் செஃபசோலின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஏற்றுகிறார்கள். மறுபடியும் சொல்கிறேன்: முன்பு, பின்பு அல்ல. திசுவை அறுக்கும் வேளையில் மருந்து ஏற்கெனவே அங்கே இருந்தாக வேண்டும்.

மற்றவை நோயாளியின் கையிலும் இருக்கின்றன. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகையை நிறுத்துவது, தோல் புண்ணையும் சொத்தைப் பல்லையும் முன்கூட்டியே கவனிப்பது, அறுக்கும் இடத்தைச் சவரக்கத்தியால் மழிக்காமல் இருப்பது. மழிப்பதால் உண்டாகும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே கிருமிக்கு இடம் கொடுக்கின்றன. மூக்கினுள் ஸ்டெஃபைலோகாக்கஸ் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் களிம்பு தடவுவதும் உண்டு.

கடிகாரம் அவசரப்படுத்துகிறது. பொருத்தும் உலோகத்தின் மேல் இடும் வெள்ளிப் பூச்சையும், ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த எலும்புச் சிமென்டையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். அவை தடுப்புக்குத் துணை செய்பவை, அறுவை அரங்கின் தூய்மைக்கு மாற்றல்ல என்பதோடு விடுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: தையலிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருந்தால், நீங்களாக ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள், ஏனெனில் எந்தக் கிருமி என்று கண்டறியும் சோதனையை அது ஏமாற்றிவிடக்கூடும், அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள். வணக்கம்.