நெவர்மோர்: காதில் இறங்கும் இருட்டு

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் 'தி ரேவன்' (அண்டங்காக்கை) கவிதையிலிருந்து ஒரு வரி சொல்கிறேன். ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காதை மட்டும் கொடுங்கள்.

"அண்ட் த சில்க்கன், சேட், அன்சர்ட்டன் ரஸ்லிங் ஆஃப் ஈச் பர்ப்பிள் கர்ட்டன்."

அந்த 'ஸ்... ஸ்...' கேட்டதா? ஊதாப் பட்டுத் திரைகளின் சலசலப்பு அது. பொருள் புரிவதற்கு முன்பே ஓசை திரையை அசைத்துவிட்டது. நடுவில் 'அன்சர்ட்டன்', முடிவில் 'கர்ட்டன்': ஒரே வரிக்குள் ஓர் இயைபு. திரைக்குப் பின்னால் யாரோ நிற்பதாகக் கவிஞர் சொல்லவில்லை. நமக்குத்தான் அப்படித் தோன்றுகிறது.

இந்தக் கவிதை 1845 ஜனவரியில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. லெனோர் என்ற காதலியைப் பறிகொடுத்தவன், டிசம்பர் நள்ளிரவு, கதவு தட்டும் சத்தம், ஜன்னலைத் திறந்தால் ஓர் அண்டங்காக்கை. கதை இவ்வளவுதான். மொத்தம் 18 பத்திகள், பத்திக்கு 6 அடிகள். அவற்றில் 4 அடிகள் 'ஓர்' என்ற ஒரே ஒலியில் முடியும்: டோர், ஃப்ளோர், லெனோர், மோர். நெடில் ஓகாரத்தையும் ரகரத்தையும் யோசித்தே தேர்ந்தெடுத்ததாகப் போ அடுத்த ஆண்டு ஒரு கட்டுரையில் எழுதினார். கணக்குப் போடுவதைப் போல இந்தக் கவிதையைக் கட்டினாராம். அதை நான் முழுதாக நம்புவதில்லை. கவிதை வந்தபோது அவர் மனைவி வர்ஜீனியா காசநோயில் கிடந்தார், 1847-இல் இறந்துபோனார். கணக்கு மட்டுமே இப்படி நடுங்காது.

இன்னொன்றைக் கவனியுங்கள். பறவை வாய் திறப்பது எட்டாவது பத்தியில்தான். அதற்கு முன் ஏழு பத்திகளும் 'மோர்' என்றே முடிகின்றன. 'காற்றுதான், வேறொன்றுமில்லை' என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்ளும் இடத்திலும் அதே 'நத்திங் மோர்'. ஆறுதல் சொன்ன அந்த ஒலியையே எடுத்துப் பறவை 'நெவர்மோர்' என்கிறது. 'இனி ஒருபோதும் இல்லை.' அதனால்தான் முதல்முறை கேட்கும்போதே, எங்கோ கேட்ட குரல்போல நெஞ்சு திடுக்கிடுகிறது.

பிறகு நடப்பதுதான் கொடுமை. பறவைக்கு இந்த ஒரு சொல்தான் தெரியும், யாரோ துயரப்பட்ட எசமானிடம் கற்றது என்று அவனே ஊகித்துவிடுகிறான். பதில் என்னவென்று தெரியும். தெரிந்தும் கேட்கிறான். என் துயரத்துக்கு மருந்து உண்டா? நெவர்மோர். சொர்க்கத்திலாவது லெனோரை அணைப்பேனா? நெவர்மோர். சொல் மாறவே இல்லை. கேள்வி ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஆழமாகப் புண்ணைக் கிளறுகிறது.

கடைசிப் பத்தியில் பறவை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. 'ஸ்டில் இஸ் சிட்டிங், ஸ்டில் இஸ் சிட்டிங்' என்று வரியும் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. விளக்கொளியில் அதன் நிழல் தரையில் விழுகிறது. அந்த நிழலிலிருந்து என் உயிர் எழுமா? இந்த முறை பறவை பேசவில்லை. 'நெவர்மோர்' என்று அவனே சொல்கிறான்.